மண்டபத்தையும் படிப்பியுங்கள்: கொழும்பின் உயர்தர ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களே, உயர்தரப் பகுதித் தலைவர்களே, வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் வகுப்பு நடத்தும் ரியூசன் ஆசிரியர்களே,

ஒரு அலகை ஒரு பிள்ளைக்கு எத்தனை தடவை படிப்பிக்கிறோம்? பாடசாலையில் ஒரு தடவை, தியரி வகுப்பில் ஒரு தடவை, ரிவிஷனில் ஒரு தடவை, பேப்பர் கிளாஸில் இன்னொரு தடவை. அதே அலகிலிருந்து வரும் கேள்விக்கு, முன்பின் தெரியாத மண்டபத்தில், முன்பின் தெரியாத நோக்குநர் பின்னால் நடந்துகொண்டிருக்கும்போது விடையெழுத எத்தனை தடவை பழக்குகிறோம்? பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது முதன்முதலாக நடப்பது பரீட்சையின் முதல் நாளன்றுதான். சலங்கை கட்டிப் பார்க்காமலே அரங்கேற்றத்துக்கு அனுப்புகிறோம்.

இந்த மடலில் நாங்கள் கேட்பது, பரீட்சை மண்டபத்தை ஒத்திகை பார்க்க ஆண்டுக்கு எட்டுச் சனிக்கிழமைக் காலைகள். ஞாயிறு அறநெறிக்கும் தேவாலயத்துக்கும் உரியது, அதைக் கேட்கவில்லை. சனிக்கிழமைக் காலை என்றால் யாருடைய வகுப்பு நேரத்தில் கை வைக்கிறோம் என்பதும் எங்களுக்குத் தெரியும். அதனால்தான் பாடசாலைகளுக்கு மட்டும் எழுதாமல் ரியூசன் ஆசிரியர்களுக்கும் சேர்த்து எழுதுகிறோம்.

நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இந்தப் பங்கீட்டில் கொழும்பின் இசட் வெட்டுப்புள்ளி, அதாவது ஒரு துறைக்குள் நுழையத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளி, பெரும்பாலும் மேலேதான் நிற்கும். இரண்டு மூன்று பல்தேர்வு வினாக்கள் கைநழுவினால் துறையே மாறிவிடக்கூடிய இடம் இது. பிள்ளைகளுக்கும் அது தெரியும். காலி வீதியில் பஸ்ஸில் போகும்போதே ரியூட்டரிச் சுவர்களில் 3 ஏ எடுத்தவர்களின் படங்கள் சொல்லிக்கொண்டே வருகின்றன.

பதற்றத்தில் பிள்ளை படித்ததை மறந்துவிட்டது என்பது வழக்கமான பேச்சு. மறந்திருந்தால், மண்டபத்தை விட்டு வெளியே வந்து கேற்றடியில் நிற்கும்போது விடை எப்படி ஞாபகம் வருகிறது? அடிபடுவது வேறொன்று. ஒரு கணக்கைச் செய்துகொண்டிருக்கையில் இடைவிடைகளையும் குறிகளையும் தற்காலிகமாக ஏந்தி வைத்திருக்க மனதில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. செயல்நிலை நினைவு என்று உளவியலில் சொல்வார்கள். ஒரே நேரத்தில் நாலைந்து விஷயங்களுக்கு மேல் அதில் நிற்காது. ‘நேரம் போகுது’, ‘வீட்டில என்ன சொல்றது’ என்று இரண்டு எண்ணங்கள் வந்து குந்திக்கொண்டால், கணக்குக்கு மிஞ்சுவது பாதி இடம்.

இரசாயனவியல் முதலாம் வினாத்தாளில் 31 முதல் 40 வரையுள்ள வினாக்களைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு கூற்றுகள். முதலிரண்டு மட்டும் சரியென்றால் விடை 1, நடுவிரண்டு என்றால் 2, கடைசியிரண்டு என்றால் 3, கடைசியும் முதலும் என்றால் 4, வேறெதுவாக இருந்தாலும் 5. நான்கு கூற்றுகளையும் சரியாகத் தீர்மானித்த பிள்ளை, அந்தத் தீர்மானத்தை எண்ணாக மாற்றும் இடத்தில் பிழைவிடுகிறது. இரசாயனம் தெரிந்தும் புள்ளி போகிறது. இதற்கு மருந்து தைரியம் ஊட்டும் பேச்சு அல்ல, கைப்பழக்கம்: ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் சரி, பிழை அடையாளம் போட்டு முடித்த பிறகே பக்கத்தின் தலையிலுள்ள சுருக்க அட்டவணையைப் பார்ப்பது. மனதில் ஏந்தவேண்டியதைத் தாளில் இறக்கிவைத்துவிட்டால் பதற்றத்துக்குப் பறித்தெடுக்க ஒன்றும் இருக்காது. கணிப்பான் அனுமதியில்லாத எங்கள் பௌதிகவியல், இரசாயனவியல் வினாத்தாள்களில் எல்லாக் கைக்கணக்குக்கும் இது பொருந்தும். பரீட்சை அண்மிக்கும்போது ‘மனதாலேயே செய், நேரம் மிச்சம்’ என்று சொல்வதை நிறுத்துங்கள். பதற்றத்தில் முதலில் இடறுவது அந்த மனக்கணக்குத்தான்.

பயப்படாதே என்று சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1908இல் யேர்க்ஸ், டொட்சன் என்ற இருவர் எலிகளைக் கொண்டு செய்த பரிசோதனையிலிருந்து வரும் பாடம் இன்றும் பயன்படுகிறது: எளிய வேலைக்குக் கூடிய உந்துதல் உதவும், வேலை சிக்கலாகச் சிக்கலாக, அதே உந்துதல் கெடுக்கத் தொடங்கும். நூறு மீற்றர் ஓடுபவனுக்கு மைதானம் முழுக்கக் கத்துவது நல்லது. தொகையிடல் செய்பவளுக்குக் கத்துவது நல்லதல்ல. பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்பு பெரிய மண்டபம் எடுத்து, ஒலிபெருக்கி வைத்து, ஊக்கப் பேச்சாளர் ஒருவரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளை அழவைத்து அனுப்பும் வழக்கம் ஒன்று இருக்கிறதே, அந்தக் காசுக்கு நான்கு சுவர் மணிக்கூடுகள் வாங்கலாம். ஒவ்வொரு பரீட்சை அறையிலும் ஒன்று மாட்டலாம்.

பயத்தோடேயே வேலை செய்யப் பழகலாம் என்பதற்குச் சான்று உண்டு. நெதர்லாந்தில் ஊடெயான்ஸ், பைப்பர்ஸ் என்ற ஆய்வாளர்கள் கூடைப்பந்து வீரர்களையும் டார்ட்ஸ் எறிபவர்களையும் எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினரைச் சாதாரணமாகவும் மற்றப் பகுதியினரைப் பதற்றமூட்டும் நிலையிலும் பயிற்றினார்கள். டார்ட்ஸ்காரர்களை ஏறுசுவரில் உயரத்தில் நிறுத்தி எறியவிட்டார்கள். பின்பு எல்லாரையும் நெருக்கடியில் சோதித்தபோது, பதற்றத்தோடு பழகியவர்கள் தரம் குறையாமல் எறிந்தார்கள், மற்றவர்கள் சறுக்கினார்கள். பழகியவர்களுக்கும் பதற்றம் இல்லாமல் போகவில்லை. இருந்தும் கை வேலை செய்தது. தொடர்ந்து செய்த ஆய்வில், பயிற்சியில் மெல்லிய பதற்றம் இருந்தாலே பின்னால் வரும் பெரிய பதற்றத்துக்கு அது உதவுகிறது என்றும் கண்டார்கள். ஆகவே யாரும் பிள்ளைகளை மிரட்டத் தேவையில்லை.

இனி அந்த எட்டுச் சனிக்கிழமைகள். பரீட்சைக்குப் பதினெட்டு வாரம் இருக்கையில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒன்று.

முதல் இரண்டும் சொந்த வகுப்பறையில், சொந்த ஆசிரியரோடு. நேரம் மட்டும் கண்டிப்பு: காலை 8.30க்குத் தொடக்கம், 10 நிமிட மேலதிக வாசிப்பு நேரம், மணி அடித்ததும் பேனை கீழே. ‘இன்னும் அஞ்சு நிமிசம் சேர்’ என்பதற்கு இடமில்லை. எங்கள் மாதிரிப் பரீட்சைகளில் அநேகமானவை இந்த ஒரே இடத்தில்தான் வீணாகின்றன. இரக்கப்பட்டுக் கொடுக்கும் ஐந்து நிமிடம், அந்தப் பிள்ளைக்கு நேரத்தைப் பற்றிப் பொய் சொல்லிக்கொடுக்கிறது.

மூன்றாவதும் நான்காவதும் வேறு பாடசாலையின் மண்டபத்தில். இரண்டு பாடசாலைகள் பேசிப் பிள்ளைகளை மாற்றிக்கொண்டால் செலவே இல்லை. சீருடை, தேசிய அடையாள அட்டை, அனுமதி அட்டை போல ஒரு துண்டு, மேசையில் ஒட்டிய சுட்டெண், தெரியாத ஆசிரியர் ஒருவர் மேற்பார்வையாளராக. பக்கத்து மேசையில் தெரியாத பிள்ளை. சுட்டெண்ணை ஒவ்வொரு தாளிலும் எழுதுவது, தாள்களை ஒழுங்காக்கிக் கட்டுவது எல்லாம் அந்த மூன்று மணித்தியாலத்துக்குள்ளேயே. கட்டத் தெரியாமல் கடைசி நிமிடத்தில் நூலோடு மல்லுக்கட்டும் கைகளை இந்த ஒத்திகையில் பார்ப்பீர்கள்.

ஐந்தாவதிலும் ஆறாவதிலும் ஒவ்வொரு இடைஞ்சல் சேருங்கள். ஒன்று மட்டும், அதுவும் அளவாக. நோக்குநர் ஒரு பிள்ளையின் பின்னால் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். மின்விசிறியைப் பதினைந்து நிமிடம் நிறுத்தலாம். பகுதி அ-வின் முதல் வினாவாகவே வேண்டுமென்று ஒரு கடினமான வினாவை வைக்கலாம். பிள்ளை அதில் சிக்கிக்கொள்கிறதா, தாண்டிப் போகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. கடற்கரைப் பக்கப் பாடசாலைகளுக்கு இயற்கையே உதவி செய்கிறது: கரையோரப் புகையிரதம் கூவிக்கொண்டு போகும், காகம் சன்னலில் கத்தும். அவற்றுக்காகச் சன்னலைச் சாத்தாதீர்கள்.

ஏழாவது, அடுத்தடுத்து இரண்டு நாள் இரண்டு வினாத்தாள். இதற்கு மட்டும் ஒரு வெள்ளிக்கிழமையும் வேண்டும். முதல்நாள் பிழைத்த பேப்பரைத் தூக்கிக்கொண்டே மறுநாள் வருகிறார்களா என்று பார்ப்பது நோக்கம். எட்டாவதில் எந்த இடைஞ்சலும் வேண்டாம். நடுத்தரக் கடினத்தில் ஒரு வினாத்தாள், ஒழுங்கான மண்டபம். பரீட்சைக்குப் பத்து நாளாவது முன்பே அது முடிந்துவிட வேண்டும். கடைசியாக மண்டபத்தில் இருந்தபோது எல்லாம் சரியாக நடந்தது என்ற நினைவோடு பிள்ளை போகட்டும்.

இங்கே ரியூசன் ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை. உண்மையான வினாத்தாளைவிட இரண்டு மடங்கு கடினமான மாதிரி வினாத்தாளைக் கொடுத்து, வகுப்பே 30, 35 என்று எடுக்க, ‘இதைச் செய்தால் அது தூசு’ என்று சொல்வது எங்கள் ஊரில் ஒரு பெருமை. மேலே நிற்கும் ஐந்து பிள்ளைகளுக்கு அது உதவலாம். மற்றவர்கள் அதிலிருந்து கற்றுக்கொள்வது வினாத்தாளைத் திறந்தாலே கை குளிர்வதைத்தான். கடினமான வினாத்தாளைப் படிப்பிக்கும் வகுப்பில் கொடுங்கள், புத்தகம் திறந்து, நேரமில்லாமல். ஒத்திகைக்கு வைப்பது கடந்தகால வினாத்தாளின் கடினத்தைத் தாண்டக்கூடாது. புள்ளிகளைப் பெயரோடு சுவரில் ஒட்டுவதும் இந்த எட்டு நாளைக்கும் வேண்டாம். மெல்லிய பதற்றம்தான் மருந்து. வெட்கம் அந்த அளவில் அடங்காது.

ஒத்திகை முடிந்த உடனே விடை சொல்லாதீர்கள். திருத்திய தாள் திரும்பி வரும் நாளில் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். இழந்த ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் பிள்ளையே ஒரு எழுத்து எழுதட்டும்: தெரியாமல் போனதற்கு ‘தெ’, அவசரத்தில் பிழைத்ததற்கு ‘அ’, உறைந்து நின்றதற்கு ‘உ’, நேரம் போதாமல் விட்டதற்கு ‘நே’. கூட்டிப் பார்த்தால் யாருக்கு என்ன பயிற்சி என்று தானாகத் தெரியும். பெரும்பகுதி ‘தெ’ என்றால் அந்தப் பிள்ளைக்கு மனப்பயிற்சி தேவையில்லை, பாடம்தான் தேவை. மூச்சுப் பயிற்சியால் தொகையிடல் வராது. இதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ‘எனக்கு எல்லாம் தெரியும், பதற்றம்தான்’ என்பது பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் வசதியான சமாதானம்.

‘நே’ அதிகமாக இருந்தால் மருந்து கணக்கு. இணைந்த கணிதத்தை எடுங்கள். பகுதி அ-வில் பத்து வினாக்கள், ஒவ்வொன்றும் 25 புள்ளி. பகுதி ஆ-வில் ஏழில் ஐந்து, ஒவ்வொன்றும் 150. மொத்தம் 1000 புள்ளிக்கு 180 நிமிடம். அப்படியே பிரித்தால் பகுதி அ வினாவுக்கு நாலரை நிமிடம், பகுதி ஆ வினாவுக்கு 27 நிமிடம். மூச்சுவிட ஒரு நிமிடம்கூட மிஞ்சாது. ஆகவே பழக்க வேண்டியது 4 நிமிடமும் 25 நிமிடமும். அப்போது 165 நிமிடத்தில் முடிந்து 15 நிமிடம் கையிருப்பாக நிற்கும். வீட்டில் தனியாக ஒரு பகுதி ஆ வினா செய்யும்போதும் 25 நிமிடத்தில் மணி அடிக்க வைக்கச் சொல்லுங்கள். மணி அடித்தால் அரைகுறையாகவே விட்டு அடுத்ததுக்குப் போகவேண்டும். முதல் இரண்டு வாரமும் பிள்ளைகள் இதை வெறுப்பார்கள். முடிக்காத வினாவை விட்டு எழும்பும் பழக்கம் தானாக வராது. அதைத் தனியாகத்தான் கற்கவேண்டும்.

பௌதிகவியல் பல்தேர்வில் 50 வினாவுக்கு இரண்டு மணித்தியாலம். ஒன்றுக்கு 2 நிமிடம் 24 விநாடி என்று மனதில் வைத்தால் ஒவ்வொரு வினாவிலும் மணிக்கூட்டைப் பார்க்கத் தோன்றும், அதுவே பதற்றம். பத்துப் பத்தாகப் பிரியுங்கள்: பத்து வினாவுக்கு 20 நிமிடம். 8.50, 9.10, 9.30 என்று ஐந்து இடத்தில் மட்டும் மணிக்கூட்டைப் பார்த்தால் போதும் (வாசிப்பு நேரம் தனியாக இருந்தால் அதைக் கூட்டிக்கொள்ளுங்கள்). 40 விநாடிக்குள் வழி தெரியாத வினாவுக்கு வட்டம் போட்டுவிட்டுத் தாண்ட வேண்டும். கடைசி 20 நிமிடம் வட்டங்களுக்கு உரியது. பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை, எனவே ஒன்றும் வெறுமையாக இருக்கக்கூடாது.

தாண்டும்போது ஒரு விபத்து நடக்கும். 17ஐத் தாண்டியவர், 18இன் விடைக்கான புள்ளடியை விடைத்தாளில் 17இன் வரிசையில் போடுவார். அங்கிருந்து எல்லாம் ஒன்று தள்ளிப் போகும். 49இல் கண்டுபிடித்தால் மிச்ச நேரம் முழுக்க அழிப்பதிலேயே போய்விடும். பத்துக்கொருமுறை மணிக்கூட்டைப் பார்க்கும் அதே கணத்தில் வினாவின் இலக்கத்தையும் விடைத்தாளின் இலக்கத்தையும் இரண்டு விரலால் தொட்டுப் பார்க்கப் பழக்குங்கள். கண்ணால் பார்த்தால் போதாது, பதறிய கண் தான் எதிர்பார்ப்பதையே பார்க்கும்.

வாசிப்பு நேரம் 10 நிமிடத்தைப் பற்றி வினாத்தாளிலேயே அச்சிட்டிருக்கிறது: எந்த வினாக்களைச் செய்வது, எதை முதலில் செய்வது என்று ஒழுங்குபடுத்திக்கொள்ளத்தான் அது. பிள்ளைகள் செய்வது முதல் வினாவை மனதால் தீர்க்கத் தொடங்குவது. அதை மாற்ற ஒரே வழி, ஒத்திகையில் வாசிப்பு நேரம் முடிந்ததும் வினாத்தாளை மூடச்சொல்லி, ‘எந்த ஐந்து, எந்த ஒழுங்கில்’ என்று ஒரு துண்டில் எழுதச் சொல்வது. நான்கு ஒத்திகைக்குப் பிறகு துண்டு தேவைப்படாது.

இனி ‘உ’. உறைந்து நிற்பது.

அது எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். பிள்ளை வினாவை வாசிக்கும். மறுபடியும் வாசிக்கும். மூன்றாவது தடவை கண் எழுத்துகளின்மேல் போகும், உள்ளே ஒன்றும் இறங்காது. பேனையை இறுக்கிப் பிடித்த விரல் வெளுக்கும். தோள் காதை நோக்கி ஏறும். அடுத்த மேசைக்காரன் தாள் கேட்டுக் கை உயர்த்துவான்; அதோடு முடிந்தது. இந்த நிலையில் ‘யோசி, யோசி’ என்று தன்னையே விரட்டுவதால் பூட்டு இன்னும் இறுகும். நினைவு நேர்வாசலால் வராவிட்டால் பக்கவாசலால் வரவேண்டும்.

நாங்கள் பழக்கும் ஒழுங்கு இது. உறைந்தால் பேனையை மேசையில் வை. இரண்டு பாதமும் தரையில் பட உட்கார். மூன்று மெல்லிய மூச்சு. பிறகு பேனையை எடுத்து, வினாவில் தந்திருக்கும் தரவுகளை அப்படியே தாளில் இறக்கி எழுது. படம் வரையக்கூடியது என்றால் வரை. அந்த அலகில் தெரிந்த சூத்திரம் ஏதாவது ஒன்றை எழுது, பொருந்துகிறதோ இல்லையோ. கை ஓடத் தொடங்கினால் பெரும்பாலும் நினைவும் பின்னால் வரும். ஒன்றரை நிமிடத்தில் வரவில்லையென்றால் அரைப்பக்கம் இடம்விட்டு, வட்டம் போட்டு, அடுத்த வினா. முழுவதற்கும் செலவு இரண்டு நிமிடம். உறைந்த பிள்ளை வழக்கமாக இழப்பது பதினைந்து நிமிடம்.

இதை ‘-ஆல்’ வாக்கியமாகவே மனனம் செய்யவைக்க வேண்டும்: உறைந்தால், பேனையை வை. முதல் வினா கடினமென்றால், மூன்றாவதிலிருந்து தொடங்கு. பக்கத்தில் தாள் கேட்டால், என் தாளைப் பார். ஜேர்மானிய உளவியலாளர் பீற்றர் கொல்விற்சர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்த வகைத் தீர்மானத்தைத்தான்: ‘நிதானமாக இருப்பேன்’ என்ற பொதுவான எண்ணத்தைவிட, ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே கட்டிவைத்த எண்ணம் நெருக்கடியில் தானாக ஓடும். ஒரு பிள்ளைக்கு நான்கு வாக்கியம் போதும். பத்துக் கொடுத்தால் ஒன்றும் ஞாபகம் வராது. வாக்கியத்தை வைத்திருப்பது போதாது. ஐந்தாம், ஆறாம் ஒத்திகைகளில் வேண்டுமென்று வைத்த அந்தக் கடின வினாவில் உண்மையாகவே பேனையை வைத்து எடுத்துப் பழகியிருக்க வேண்டும்.

மூச்சைப் பற்றி நிறையத் தவறாகச் சொல்லப்படுகிறது. ‘ஆழமா மூச்சிழு’ என்றால் பதறிய பிள்ளை நெஞ்சு நிறைய, வேகமாக, பத்துத் தடவை இழுக்கும். இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி விறைக்கும். ‘எனக்கு ஏதோ செய்யுது’ என்று பயம் கூடும். சொல்ல வேண்டியது மெதுவாக என்பதை. மூக்கால் நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி, நிமிடத்துக்கு ஆறு. வெளிவிடும் மூச்சு நீளும்போதுதான் இதயத் துடிப்பு இறங்கும். வீட்டில் படிக்க உட்காருமுன் நாளுக்கு ஐந்து நிமிடம், முதல் ஒத்திகைக்கு முன்பே தொடங்க வேண்டும். பழகாமல் மண்டபத்தில் மட்டும் செய்தால் வேலை செய்யாது. எண்ணுவதே இன்னொரு பாரமாகிவிடும். எட்டு வாரம் பழகியவருக்கு மூன்று மூச்சு, அரை நிமிடம், போதும். பேனை மூடியைக் கழற்றுவதோடு அதை இணைத்துவிட்டால் மறக்கவும் மாட்டார்கள்.

இதயம் அடிப்பதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. 2014இல் அலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வில், பாடவும் மேடையில் பேசவும் கணக்குச் செய்யவும் போகுமுன் ‘அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். படபடப்பை இல்லை என்று பொய் சொல்வதைவிட, உடம்பு தயாராகிறது என்று சொல்லிக்கொடுப்பது எளிது. பரீட்சைக்கு முன் பத்து நிமிடம் கவலைகளை எழுதித் தீர்ப்பது பற்றிப் பலர் கேட்டிருப்பீர்கள். 2011இல் வந்த அந்த ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. 2018இல் மறுபடி செய்துபார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. விரும்பும் பிள்ளை எழுதட்டும், எல்லாரையும் உட்காரவைத்து எழுதுவிக்க வேண்டாம்.

காலையில் கேற்றடியில் நிற்கும் பெரியவர்களுக்கும் ஒத்திகை வேண்டும். ‘உன்னைத்தான் நம்பியிருக்கிறம்’ என்பது அன்போடு சொல்லப்படுவதுதான், ஆனால் அந்தச் சின்ன இடத்தில் போய்க் குந்திக்கொள்ளும் எண்ணம் அதுதான். பேனை இரண்டு இருக்கிறதா, அடையாள அட்டை இருக்கிறதா, தண்ணீர்ப் போத்தல் இருக்கிறதா, முடிந்ததும் எந்த இடத்தில் நிற்பேன்: இவ்வளவும் போதும். கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போகிறவர்கள் முதல்நாள் மாலையே போய்விட்டால் காலை அவசரம் குறையும். ஆசிரியர்கள் பேப்பர் முடிந்த கையோடு விடை விவாதிக்க வாசலில் நிற்பதை இந்த ஆண்டாவது தவிர்க்க வேண்டும். நாளை இன்னொரு பேப்பர் இருக்கிற பிள்ளைக்கு, இன்று பிழைத்த வினாவை உறுதிப்படுத்திக் கொடுப்பதால் யாருக்கு இலாபம்?

நித்திரை பற்றிச் சுருக்கமாக. 13 முதல் 18 வயதுவரை நாளுக்கு எட்டு முதல் பத்து மணித்தியாலம் தேவை என்பது அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகத்தின் 2016 பரிந்துரை. பாடசாலை முடிந்து இரவு எட்டுவரை வகுப்பு, விடிய ஐந்துக்கு இன்னொரு வகுப்பு என்றால் எட்டு மணித்தியாலம் எங்கிருந்து வரும்? ஒத்திகைக் காலத்திலாவது விடிகாலை வகுப்பைக் கைவிடுங்கள். கடைசி இரண்டு வாரம் இரவு இரண்டு மணிவரை படித்துப் பழகியவருக்கு, காலை 8.30க்கு மூளை இன்னும் நித்திரையில்தான் இருக்கும்.

இன்னொன்றையும் ஒத்திகை பார்க்கவேண்டிய காலம் இது. 2024 நவம்பர் இறுதியில் வெள்ளத்தாலும், 2025இல் அதே காலத்தில் டித்வா புயலாலும் உயர்தரப் பரீட்சை நடுவழியில் நின்றது. பாதிப் பேப்பர் எழுதிய பிள்ளை, திகதி தெரியாமல் காத்திருப்பது புதுவகை நெருக்கடி. அதற்கு முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிவைக்கலாம்: நின்றால் முதல் நாள் ஓய்வு, இரண்டாம் நாளிலிருந்து காலை 8.30க்கு ஒரு வினாத்தாளின் பாதி, மாலை குறிப்பு வாசிப்பு. திகதி பற்றிய செய்தியை நாளுக்கு ஒரு தடவை மட்டும், பரீட்சைத் திணைக்களத்தின் அறிவித்தலில் மட்டும் பார்ப்பது. வட்சப் குழுக்களில் வரும் திகதிகளுக்குப் பொறுப்பானவர் யாருமில்லை.

எங்கள் பயிற்சியின் எல்லையையும் சொல்லிவிடுகிறோம். வாரக்கணக்காக நித்திரை வராத, சாப்பிட மறுக்கும், மண்டபம் என்றாலே மூச்சு முட்டி விழும், தன்னை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசும் பிள்ளைக்கு ஒத்திகை மருந்தாகாது. அவரை எட்டுச் சனிக்கிழமைகளிலும் சேர்க்காமல் வைத்தியரிடம் அனுப்புங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை ஒவ்வொரு உயர்தர வகுப்பின் கதவிலும் ஒட்டிவையுங்கள்.

முதல் சனிக்கிழமைக்குத் தேவையானவை அதிகமில்லை: ஒரு சுவர் மணிக்கூடு, ஒரு கைமணி, நாற்பது மேசை கதிரை, இரண்டு மேசைக்கிடையில் ஒரு ஆள் நடக்க இடம், கடந்தகால வினாத்தாளின் பிரதிகள், கட்டுவதற்கு நூல். இரண்டாம் தவணை தொடங்குமுன் எந்தப் பாடசாலை எந்தப் பாடசாலையோடு மண்டபம் மாற்றிக்கொள்வது என்று அதிபர்கள் ஒரு தடவை கூடிப் பேசினால், மூன்றாம் ஒத்திகைக்கு வேண்டிய மேற்பார்வையாளர்களை நாங்கள் ஒழுங்குசெய்து தருவோம். அவர்களுக்கு ஒரு பிளேன் டீ மட்டும் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
உயர்தர மாணவருக்குப் பரீட்சைப் பயிற்சி அளிக்கும் ஆசிரியர்களும் உளவளத்துணையாளர்களும்
கொழும்பு